டைரக்டர் பதவி தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 41. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல், அதற்குமேல் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. ஆய்வுக்கூடக் கருவிகள் தயாரிக்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்து, விற்பனைப் பக்கம் மாறி, இன்று தென் மாநிலங்களுக்கு ரீஜினல் மேனேஜர். பணியில் 14 ஆண்டுகள். மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம். அதில் பேசிக் 60,000. மனைவி அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. அப்பா, அம்மா ஊரில்.

திருநெல்வேலி பேட்டையில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஹாட் ஏர் ஓவன், இன்குபேட்டர், மஃபிள் ஃபர்னஸ், எலக்ட்ரானிக் தராசு செய்கிறார்கள். உரிமையாளருக்கு 68 வயது. வாசகர் அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறார். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். “நீ டைரக்டரா வந்துரு, பத்து சதவீதம் பங்கு தாரேன்” என்கிறார் அண்ணாச்சி. சம்பளம் ஒரு லட்சம். யூ.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) தயாரிப்பில் இறங்க 80 லட்சம் வங்கிக் கடன் வாங்கப் போகிறார்கள். அதற்கு வாசகரின் ஜாமீன் கையெழுத்தும், அவர் அப்பா பெயரில் உள்ள வீட்டுப் பத்திரமும் வேண்டுமாம். பேசியதையெல்லாம் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்குடே பத்திரம்கித்திரம்” என்று சொல்லிவிட்டார்.

வாசகரின் கேள்விகள் எல்லாம் பழைய கம்பெனியைப் பற்றியவை. வேலையை விட்டபின் 2 ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. ஜெர்மனியில் பயிற்சி கொடுத்ததற்காக 3 ஆண்டு, 3 லட்ச ரூபாய் பாண்ட். அதில் 22 மாதம் முடிந்திருக்கிறது. நோட்டீஸ் காலம் 90 நாள். வழக்குப் போடுவார்களா, ஊரில் அசிங்கமாகிவிடுமா, 14 ஆண்டு பழகிய வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். டைரக்டர் பதவி பற்றி ஒரே ஒரு வரிதான்: “அது லிமிடெட் கம்பெனிதான், அதனால் சொந்தச் சொத்துக்கு ஒன்றும் வராது.”

இனி உங்களோடு நேரடியாகப் பேசுகிறேன்.

நீங்கள் பயப்படும் காகிதத்தில் ஆபத்து குறைவு. பயப்படாமல் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் காகிதங்களில்தான் ஆபத்து இருக்கிறது. முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

பழைய கம்பெனி என்ன செய்ய முடியும்?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இந்தத் தடையை வேலையில் இருக்கும்போது, வேலையை விட்டபின் என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதை உச்ச நீதிமன்றம் 1967-இல் கோலிகரி வழக்கிலிருந்தே செய்துவருகிறது. வேலையில் இருக்கும் காலத்தில் தடை செல்லும். விட்டபின் பொதுவாகச் செல்லாது. ஆகவே அந்த 2 ஆண்டு ஷரத்தைக் காட்டி, பேட்டைக்குப் போகாதே என்று தடை உத்தரவு வாங்குவது கடினம். உங்களை அங்கேயே வேலை செய்யச் சொல்லியும் எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாக நோட்டீஸ் காலத்தில் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். அந்த 90 நாளும் நீங்கள் அவர்களுடைய ஊழியர்தான். தடை முழுமையாகச் செல்லும் காலம் அது. அந்த நாட்களில் பேட்டைக் கம்பெனிக்காக ஒரு கொட்டேஷன் பார்த்துக் கொடுத்தாலும் தப்பு உங்கள் பக்கம் சேரும். டைரக்டராகச் சேரச் சம்மதம் தெரிவிக்கும் டிஐஆர்-2 படிவத்திலும் பழைய கம்பெனியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடக்கூடாது. நீங்கள் நியமிக்கப்பட்ட தேதி கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் பொதுப் பதிவாக ஏறிவிடும். உங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தேதி தெரியும். பழைய கம்பெனியின் வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பாண்ட் விஷயம் வேறு. பயிற்சிச் செலவுக்கான பாண்டை நீதிமன்றங்கள் ஒதுக்கித் தள்ளுவதில்லை. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், 3 ஆண்டு பணி செய்யாமல் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்தைச் செல்லும் என்றே சொன்னது. அதேசமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கலாம். நோட்டீஸ் காலமும் சேர்த்தால் 25 மாதம் முடிந்திருக்கும். பாக்கி 11 மாதம். விகிதப்படி கணக்கிட்டால் 3 லட்சத்தில் 36-க்கு 11 பங்கு, ஏறக்குறைய 91,700 ரூபாய். இந்தக் கணக்கோடு, ராஜினாமாக் கடிதத்திலேயே நீங்களாக முன்வந்து எழுதுங்கள். பயிற்சிக்கு உண்மையில் ஆன விமான டிக்கெட், பயிற்சிக் கட்டணம், தங்கும் செலவுக்கான ரசீது விவரத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் பேரம் இங்கேயே படிந்துவிடும். இதற்காக வழக்குவரை போவது உங்களுக்கும் லாபமில்லை, அவர்களுக்கும் லாபமில்லை.

கிராஜுவிட்டியைப் பாண்டுக்கு ஈடாகப் பிடித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 14 ஆண்டுக்குக் கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 14-ஆலும் பெருக்க வேண்டும். பேசிக் 60,000 என்று வைத்தால் சுமார் 4.85 லட்சம். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சம்பளத்தில் பாதிக்குமேல் அலவன்ஸ் என்று ஒதுக்க முடியாது. மிஞ்சுவது சம்பளத்தோடு சேரும். அப்படி 75,000 என்று எடுத்தால் 6 லட்சத்தைத் தாண்டும். எந்தத் தொகையை அடிப்படையாக எடுத்தார்கள் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடிக்கையாளர் பட்டியல் யாருடையது?

“நான் பழகினேன், என் உறவு” என்கிறீர்கள். பழக்கம் உங்களுடையதுதான். பட்டியல் அப்படியில்லை.

தாழையூத்து சிமென்ட் ஆலையிலும், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலும், அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்திலும், தூத்துக்குடி கடல் உணவு ஏற்றுமதியாளர்களிடமும் ஆய்வுக்கூடம் இருக்கிறது என்பது ரகசியமல்ல. அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் தலையில் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் உங்கள் தொழிலில் உண்மையான சொத்து வேறு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த லேபில் எந்தக் கருவியின் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எந்த மாதம் முடிகிறது, போன டெண்டரில் எத்தனை சதவீதம் தள்ளுபடியில் விலை போட்டார்கள், டீலருக்கு என்ன மார்ஜின் என்பதுதான் அது. இவை கம்பெனியின் வணிக ரகசியம். லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கோ சொந்த மெயிலுக்கோ அனுமதியில்லாமல் எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவுப்படி இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாகக் காட்டினால் 66-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை. 27-வது பிரிவு இங்கே உங்களைக் காப்பாற்றாது. போட்டி நிறுவனத்தில் சேர்ந்ததற்காகத் தோற்கும் கம்பெனி, ஃபைல் எடுத்துப் போனதற்காக ஜெயிக்கும்.

அண்ணாச்சி அந்தப் பட்டியலைக் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால் “முடியாது” என்று பதில் போட்டுவையுங்கள். சும்மா விட்டால் சம்மதம் என்று படிக்கப்படும். லேப்டாப், டெமோ கருவிகள், செக் வெயிட் பெட்டி, சர்வீஸ் சாஃப்ட்வேர் டாங்கிள் எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். டெமோவுக்குக் கொடுத்த கருவி ஏதோ ஒரு கல்லூரியில் தூங்கிக்கொண்டிருந்தால் இப்போதே மீட்டுவிடுங்கள். கடைசிக் கணக்கில் தகராறு கிளம்புவது பெரும்பாலும் அதில்தான்.

டைரக்டர் என்றால் என்ன?

இனி நீங்கள் கேட்காத கேள்வி.

லிமிடெட் கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்புதான் பங்குத் தொகையோடு நிற்கும். டைரக்டருக்கு அந்தப் பாதுகாப்பில் பல ஓட்டைகள் உண்டு. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வருமான வரி பாக்கியை வசூலிக்க முடியாவிட்டால், அந்த ஆண்டுகளில் டைரக்டராக இருந்தவர்களிடம் கேட்கலாம். தன் அலட்சியத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் சுமை டைரக்டர் தலையில். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 89-வது பிரிவும் இதே மாதிரிதான். கம்பெனி செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 141-வது பிரிவுப்படி அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தவர்களும், செக்கில் கையெழுத்துப் போட்டவரும் வழக்கில் குற்றம் சாட்டப்படுவார்கள். நிர்வாகத்தில் சம்பந்தமே இல்லாத டைரக்டர் அதைச் சொல்லித் தப்பலாம். நீங்கள் போவதே நிர்வாகத்தைப் பார்க்கத்தானே?

உங்கள் தொழிலுக்கென்றே இன்னும் இரண்டு உண்டு. தொழிற்சாலை உரிமத்தில் ‘ஆக்குபையர்’ (தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பாளர்) என்று காட்டப்படுபவர், கம்பெனியாக இருந்தால் டைரக்டர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. 68 வயது அண்ணாச்சியும், அமெரிக்காவில் இருக்கும் மகனும், நீங்களும் போர்டில் இருந்தால் அந்தக் கட்டத்தில் யார் பெயர் எழுதப்படும் என்று யோசியுங்கள். ஷீட் மெட்டல் பிரஸ்ஸில் ஒருவர் விரல் போனால், இன்ஸ்பெக்டர் தேடி வருவது ஆக்குபையரையும் மேனேஜரையும்தான்.

அடுத்தது தராசு. ஓவனில் பத்து டிகிரி கூடக்குறைய வந்தால் வாடிக்கையாளர் சண்டை போடுவார், அவ்வளவுதான். எடையளவு கருவி அப்படியில்லை. 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசு தயாரிக்க உரிமம் வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் மத்திய அரசின் மாடல் ஒப்புதல் வேண்டும். விற்றபின் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் கம்பெனி செய்யும் குற்றத்துக்குப் பொறுப்பேற்க ஒரு டைரக்டரை எழுத்தில் நியமித்து அறிவிக்கலாம் என்கிறது 49-வது பிரிவு. நீங்கள் சேர்ந்த மறுவாரமே அந்தத் தாள் உங்கள் மேஜைக்கு வர வாய்ப்பு அதிகம். “தொழில் தெரிந்த ஆள் நீதானே” என்பார்கள்.

நகைக்கடைக்குப் போகும் இரண்டாம் வகுப்புத் தராசில் எங்கே தப்பு நடக்கும் என்பதையும் கவனியுங்கள். ஒப்புதல் வாங்கியது ஒரு லோட் செல் (எடையை உணரும் பாகம்), ஒரு போர்டு. பிறகு அது கிடைக்காமல் வேறு போர்டு போடுகிறார்கள். மாடல் எண் மாறுவதில்லை. அல்லது சர்வீஸ் பையன் முத்திரையை உடைத்துத் திறந்து, அளவு சரிசெய்துவிட்டு, மறுமுத்திரை இல்லாமலே கடையில் வைத்துவிட்டு வருகிறான். டெல்லிப் பக்கம் சரிசெய்த தராசை நெல்லையில் அப்படியே வைத்தால், புவியீர்ப்பு வித்தியாசத்தால் 200 கிராமுக்கு 0.2 கிராம் போலக் குறைத்துக் காட்டும். நகைக்கடையில் அது சின்ன விஷயமல்ல. அதனால் இடம் மாறும் ஒவ்வொரு தராசையும் திறந்து சரிசெய்ய வேண்டிவரும், முத்திரையும் உடையும். இந்த வேலைக்கு ஒழுங்கான பதிவேடு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய தனியாள் கம்பெனி பெயரில் வாங்கிய மாடல் ஒப்புதலை வைத்துக்கொண்டே லிமிடெட் கம்பெனி ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அரசுக் கொள்முதலில் ‘உள்நாட்டுப் பங்கு 50 சதவீதம்’ என்று சான்று தந்தால்தான் முதல் வகுப்பு உள்நாட்டுச் சப்ளையர் என்ற சலுகை கிடைக்கும். கிரேட்டிங், டியூட்டீரியம் விளக்கு, டிடெக்டர் எல்லாம் இறக்குமதி செய்து பெட்டியை மட்டும் பேட்டையில் வளைத்தால் யூ.வி. கருவிக்கு அந்தச் சான்று நிற்குமா? பொய்ச் சான்றுக்கு 2 ஆண்டு வரை டெண்டர் தடை உண்டு. அதில் கையெழுத்துப் போடப் போவதும் நீங்கள்தான்.

ஜாமீனும் அப்பாவின் பத்திரமும்

கடிதத்தில் இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சம்பளத்தில் 50,000 குறைத்துக்கொண்டு, 10 சதவீதப் பங்குக்காக, 80 லட்சத்துக்கு 100 சதவீத ஜாமீன் கொடுக்கிறீர்கள். இந்தக் கணக்கு எந்த வகையிலும் சரிப்படாது.

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு. வங்கி முதலில் கம்பெனியை விரட்டி, அங்கே கிடைக்காவிட்டால்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. நேராக உங்களிடமே வரலாம். டைரக்டர் பதவியை விட்டாலும் ஜாமீன் தானாகப் போகாது. 130-வது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து இனிமேல் வாங்கும் கடனுக்கு நிறுத்தலாம். அதுவரை வாங்கியதற்கு நீங்கள் பொறுப்பு. அந்த உரிமையைக்கூட விட்டுக்கொடுத்ததாக வங்கிப் படிவத்தில் ஒரு வரி இருக்கும். படித்துப் பாருங்கள்.

வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனால் கதை வேகமாக நடக்கும். தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். பிறகு வங்கிகள் அடமானச் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ். அதற்குப்பின் சிவில் வழக்கு இல்லாமலே வீட்டைக் கையகப்படுத்தலாம். எதிர்க்க வேண்டுமானால் 45 நாளுக்குள் மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்பா குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தும்.

மறுப்பதற்கு நியாயமான வழியும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதியம், 2025 ஏப்ரல் முதல் 10 கோடி வரையான கடனுக்குச் சொத்து அடமானம் இல்லாமலே வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. உத்தரவாதக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவே. கம்பெனியின் கணக்கு சுத்தமாக இருந்தால் 80 லட்சத்துக்கு இந்தத் திட்டத்தில் கேட்கலாம். “அண்ணாச்சி, பேங்க்ல அந்தத் திட்டத்துல கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வங்கி முடியாது என்றால் ஏன் என்ற காரணம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். காரணம் பழைய பாக்கியாக இருந்தால், நீங்கள் யோசிக்க வேண்டியது கடனைப் பற்றி அல்ல, அந்தக் கம்பெனிக்குப் போவதைப் பற்றியே.

தொழில்ரீதியாக ஒன்று. ஓவன் செய்வது தகரம், ஹீட்டர், கன்ட்ரோலர் சேர்ந்த வேலை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒளியியல். அலைநீளத்தை ஹோல்மியம் ஃபில்டர் வைத்துச் சரிபார்த்து, ஸ்ட்ரே லைட்டை (வேண்டாத சிதறல் ஒளியை) கட்டுக்குள் கொண்டுவந்து, நாலு லேபில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் ஆர்டர். ஆர்டர் வந்தபின்னும் கல்லூரிகள் பணம் தருவது எந்த லட்சணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடன் திருப்பும் அட்டவணை இதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து சதவீதம்

அது எந்தக் கம்பெனியில் பத்து சதவீதம்? பேட்டை ஷெட்டும் நிலமும் பெரும்பாலும் அண்ணாச்சி பெயரிலோ அவர் வீட்டம்மா பெயரிலோ இருக்கும். கம்பெனி வாடகை கட்டும். அப்படியானால் உங்கள் பங்கில் நிலம் இல்லை. பழைய மெஷினும், விற்காத ஸ்டாக்கும், வராத பாக்கியும்தான் இருக்கும்.

உழைப்புக்காகக் கொடுக்கும் ஸ்வெட் ஈக்விட்டி பங்கு, கம்பெனிச் சட்டம் 54-வது பிரிவில் வருகிறது. சிறப்புத் தீர்மானமும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் மதிப்பீடும் வேண்டும். 3 ஆண்டுக்கு விற்க முடியாது. ஒதுக்கிய நாளின் மதிப்பு உங்கள் சம்பள வருமானமாகச் சேர்ந்து வரி வரும். விற்க முடியாத பங்குக்குக் கையிலிருந்து ரொக்கமாக வரி கட்டுவீர்கள். பலருக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

பத்து சதவீதத்தால் எதையும் தடுக்கவும் முடியாது. சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கவே 25 சதவீதத்துக்குமேல் ஓட்டு வேண்டும். டைரக்டரை நீக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும், 169-வது பிரிவு. நாளை மகன் திரும்பி வந்து “அப்பா, இனி நான் பாத்துக்கிடுதேன்” என்றால், உங்கள் நாற்காலி ஒரு கூட்டத்தில் போய்விடும். ஜாமீன் மட்டும் உங்களோடு இருக்கும். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். மேனேஜர் நிலையில் இருப்பவரே ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார்.

ஆகவே, நீங்கள் விலகினாலோ நீக்கப்பட்டாலோ உங்கள் பங்கை எந்தக் கணக்கில், எத்தனை நாளில், யார் வாங்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தனி ஒப்பந்தமாக மட்டும் எழுதினால் போதாது. பங்கு மாற்றம் பற்றிய கட்டுப்பாடுகள் கம்பெனியின் சங்க விதிகளிலும் (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) ஏற வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ரங்கராஜ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம். ஊரோடு இருப்பதற்கும், வயதான பெற்றோருக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் மதிப்பு உண்டு. அதை நான் கூட்டிக் கழிக்க முடியாது. எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

முதல் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு பொது மேலாளராகச் சேருங்கள். போர்டில் வேண்டாம். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘டைரக்டர் – மார்க்கெட்டிங்’ என்று போட்டுக்கொள்வதும் வேண்டாம். பொறுப்பு கேட்டு வருபவர்களுக்கு அந்தக் கார்டே முகவரி. சம்பளம், விற்பனை மீதான இன்சென்டிவ், நோட்டீஸ் காலம் எல்லாம் பணி ஆணையில் இருக்கட்டும். பங்கும் போர்டு பதவியும் எந்தத் தேதிக்குப் பின், என்ன நிபந்தனையில் என்று அதிலேயே ஒரு பத்தி. ஜாமீன் இல்லை என்பதும் எழுத்தில். கம்பெனி செக்கில் தனியாகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை ஏற்க வேண்டாம்.

இதற்கு முன்பே, யாரிடமும் கேட்காமல் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. கம்பெனி விவகாரத் துறை தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகள், டைரக்டர் விவரம், எந்த வங்கியில் என்ன அடமானம் என்ற பதிவு எல்லாம் பார்க்கலாம். 3 ஆண்டு தொடர்ந்து கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 5 ஆண்டு தகுதி இழப்பார்கள் என்பதால் இதை முதலில் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டினால் ரிட்டர்ன் மாதாமாதம் போகிறதா என்று தெரியும். பி.எஃப். தளத்தில் கட்டிய மாதங்கள் தெரியும். இ-கோர்ட்ஸ் தளத்தில் கம்பெனி பெயரில் திருநெல்வேலியில் செக் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடலாம். அதற்குப்பின் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியவை: 180 நாளுக்குமேல் வராத பாக்கி எவ்வளவு, டைரக்டர் கடன் என்று அவருக்கே கம்பெனி தர வேண்டியது எவ்வளவு, ஷெட் யார் பெயரில். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கடன் கொடுக்கும் வங்கி இதையெல்லாம் அவரிடம் கேட்கத்தான் போகிறது.

எல்லாம் சுத்தமாக இருந்து, ஒன்றரை ஆண்டு கழித்து போர்டில் ஏறினால், ஆக்குபையர் யார், எடையளவுச் சட்டப் பொறுப்பு யாருக்கு என்று போர்டு தீர்மானத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். என்றாவது விலகினால், டைரக்டர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி தாக்கல் செய்யும் என்று நம்பி இராமல் உங்கள் ராஜினாமாவை டிஐஆர்-11 படிவத்தில் நீங்களும் பதிவுசெய்யலாம்.

ஊரில் அசிங்கமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை மாறியதற்காக வரும் வக்கீல் நோட்டீஸ் சிவில் விவகாரம். போலீஸ் வரும் சங்கதி இல்லை, ஃபைல் எதையும் எடுக்காதவரை. நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவும் வேண்டாம். வக்கீல் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் ‘பெங்களூர் நீதிமன்றங்கள் மட்டும்’ என்று ஷரத்து இருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட ஷரத்து வேலை ஒப்பந்தத்திலும் செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தால், விடுவிப்புக் கடிதம் வாங்கிய வாரமே அங்குள்ள சிவில் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டுவையுங்கள். உங்கள் பக்கத்தைக் கேட்காமல் தடை உத்தரவு கொடுக்காமல் இருக்க அது 90 நாளுக்குச் செல்லும்.